நம்பும்படியான ஒரு குறை

காலையில் பல் தேய்த்ததும் சுவர்த்திரை முன்னால் நின்று தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவது கோவையில் எல்லா வீட்டிலும் வழக்கம். ரங்கநாயகி அன்று, "நேத்து சர்க்கரை முன்னூறைத் தொட்டுருச்சுங்க" என்றாள். அவளுடைய பங்குகளில் நாற்பது உடனே கைமாறின. விலை கொஞ்சம் இறங்கியது. இறங்கட்டும், கைமாறினால் போதும்.

ஒருவர் வாழ்நாளில் சம்பாதிக்கப் போவதில் பாதியைப் பங்காக்கி ஆள்சந்தையில் விட ஆரம்பித்து இருபது வருடமாகிறது. எதையும் சொல்லும்படி சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை. எல்லாமே விருப்ப வெளியீடு. சொல்வது மட்டும் உண்மையாக இருக்கவேண்டும். மெய்காணி என்ற ஸ்கேனர் உடம்பைத் துழாவிச் சரிபார்த்துவிடும். பங்கு விட்ட மூன்று நாளில் ஆயிரம் பங்காவது கைமாறாதவர்களும், பிறகு கைமாறாமல் நின்றுபோனவர்களும் உறைபட்டியலுக்குப் போவார்கள். அவர்களுக்கு வேலை இல்லை, வாடகை வீடு இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கையும் இல்லை.

மகள் தாரகைக்கு அது மூன்றாம் நாள். கைமாறியவை ஆறு. ஆறையும் வாங்கியவள் ரங்கநாயகி.

"ஏனுங்க, எம்புள்ளைக்கு என்னங்க குறைச்சல்?" என்று மகளோடு தரகர் மயில்சாமியிடம் போய் நின்றாள். "படிப்புல மொதல். ஒரு காய்ச்சல்னு படுத்ததில்ல."

"அதேதானுங்க குறைச்சல். இருபத்திரண்டு வயசுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னா எவன் நம்புவான்? பெருசா எதையோ மறைக்கறாங்கன்னு ஒதுங்கிருவான். உங்க பக்கத்துத் தெருப் புள்ளைக்கு வலிப்பு. மொத நாளே சொல்லிருச்சு. மத்தியானத்துக்குள்ள நாலாயிரம்."

"குடுத்து வெச்சவ," என்றாள் தாரகை.

"வாய மூடு கண்ணு," என்றாள் ரங்கநாயகி.

"நம்பற மாதிரி ஒரு குறை போதுமுங்க. சின்னதா."

"இல்லாததைச் சொன்னா மெய்காணி காட்டிக் குடுத்துருமே?"

"இல்லாததைச் சொல்லுங்கன்னு நான் சொல்லலீங்களே," என்றார் மயில்சாமி. "கீழ் மாடியில டாக்டர் இருக்கார். ஒரு காது. பத்தே நிமிஷம்."

ரங்கநாயகிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "எங்காதை எடுத்துக்கச் சொல்லுங்க."

"உங்க காது உங்க பங்குக்குத்தானுங்க ஆகும்."

மணி ஒன்றரை. சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். தாரகை எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "எந்தக் காதும்மா?"

"இடது," என்றாள் ரங்கநாயகி. "வலதுலதான நீ போன் பேசுவ."

மூன்று மணிக்குக் காதில் பஞ்சோடு தாரகை மயில்சாமியின் திரை முன் நின்றாள். "எனக்கு இடது காது கேக்காதுங்க." எப்போதிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுநூறு கைமாறியது. ஆயிரத்து இருநூறு. மணியடிக்கும்போது ஐயாயிரம். 'ஒளிவுமறைவு இல்லாத பொண்ணு' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். ரங்கநாயகி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பொழச்சுட்டே கண்ணு."

"மூணு மாசத்துக்கு ஓடும்," என்றார் மயில்சாமி. "அப்புறம் பழசாயிரும். அடுத்ததுக்கு இப்பவே யோசிச்சு வைங்க."

தாரகை அம்மாவின் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்தாள். "உடம்புலதான் இருக்கோணுங்களா?"

"துக்கமும் செல்லும். தாய் தகப்பன் சாவுன்னா நல்லாவே போகும்."

"அப்பா நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டார். அது பழசு." தாரகை நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அம்மான்னா எத்தனை போகும்?"

மயில்சாமி ரங்கநாயகியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் ரங்கநாயகி. "புள்ள கேக்குதில்ல."