உப்பு பூத்த இளம்பனி

"இந்த மேப்பைப் போட்ட புண்ணியவதி யாரு?"

கடல்பனி வரைபட அலுவலகத்தில், குரல் கேட்டு அவள் திரும்பினாள். வாசலில் நனைந்த கோட்டு, நாலு நாள் தாடி... கண்கள் மட்டும் மழையில் கழுவி எடுத்தது போல அவ்வளவு தெளிவு. சண்டைக்கு வந்தவனை இப்படியா பார்ப்பது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"நான்தான். என்ன விஷயம்?"

"ஆராய்ச்சிக் கப்பல்ல கடல் பனியைத் துளை போட்டு அளக்குறவன் நான். தடிச்ச பழைய பனின்னு நீங்க காட்டின இடத்தைச் சுத்திப் போனதுல ரெண்டு நாள் வீண். திரும்பும்போது அளந்தா... ஒரு சாண்கூட இல்ல. அப்பதான் உறைஞ்ச இளம்பனி."

"செயற்கைக்கோள் ரேடார் பொய் சொல்லாது சார்."

"அது எதுவும் சொல்லல. சொன்னது நீங்க. தப்புன்னு ஒத்துக்குங்க, போயிடறேன்."

"மாட்டேன்."

"அப்போ நாளைக்கும் வருவேன்."

அவன் வைத்துவிட்டுப் போன போட்டோக்களைப் பார்த்தாள். இளம்பனியின் மேல் உப்பேறிய பனிப் படிகங்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. ரேடாரின் மைக்ரோவேவ் அலை அவற்றில் பட்டுத் திரும்பினால், மெல்லிய பனியும் பழைய பனி போலவே படத்தில் பளிச்சிடும். கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரிந்த விஷயம்... அவளுக்கு முகம் சுட்டது. அன்று மாலையே மேப்பைத் திருத்தி, அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பினாள். அவனிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும்... சண்டை கால் மணி, காபி ஒரு மணி என்று ஆனது. நாலு மணியானால் அவள் கண் வாசலுக்கே போனது. ஞாயிற்றுக்கிழமைகள் நகர மறுத்து அழிச்சாட்டியம் செய்தன. கப்பல் துறைமுகத்தில் நின்ற மூன்று வாரமும் இப்படியே ஓடிப்போயிற்று.

அன்று அவன் உட்காரவில்லை.

"நாளைக்குக் கப்பல் கிளம்புது. ஆறு மாசம் ஆகும் திரும்ப."

"நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் தலையசைத்துவிட்டுப் படியிறங்கும் சத்தம் கேட்டது. பாழாய்ப் போன வீம்பு... எழுந்து ஓடினாள்.

"நில்லுங்க... தப்பு என்னோடதுதான். முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா... நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களே."

அவன் மெல்ல மேலேறி வந்தான். "நீங்க திருத்தின மேப் அன்னிக்கே எங்க கப்பலுக்கு வந்துடுச்சுங்க."

"தெரிஞ்சுமா... தினம் வந்தீங்க?"

"வேற என்ன சாக்கு சொல்லி உங்களைப் பார்க்க வர்றது?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

"ஆறு மாசம்தானே... போயிட்டு வாங்க. காத்திருக்கேன்."