காயாத பச்சைக் கட்டம்

வண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. கேள்வி கேட்டே ஆளைக் குடைந்துவிடுவாள் என்று அம்மா வைத்த பெயர்.

அன்று பள்ளி விடுமுறை. அம்மாவின் அலுவலகத்தில் இருந்தாள் வண்டு. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எந்த ஊரில் பயிர் வாடுகிறது என்று கண்டுபிடிப்பது அம்மாவின் வேலை. அந்த ஊர்களுக்குத்தான் அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். நான்கு மணிக்குள் பட்டியல் போக வேண்டும்.

"அவ்ளோ உயரத்துல இருந்து, இலையில தண்ணி இருக்கான்னு எப்படிம்மா தெரியும்?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி இருக்கு. ஈரமான இலை அதை முழுங்கிடும். காஞ்ச இலை திருப்பி அனுப்பிடும். எவ்வளவு திரும்பி வருதுன்னு செயற்கைக்கோள் அளக்கும். படத்துல பச்சைன்னா ஈரம், சிவப்புன்னா காய்ச்சல்."

"காய்ச்சலா? மாத்திரை குடுப்பாங்களா?"

"அந்தக் காய்ச்சல் இல்லடி!" அம்மா சிரித்தாள்.

தொலைபேசி அலறியது. ஒரு விவசாயி ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசினார்.

"போன தடவையும் எங்க ஊர் பட்டியல்ல இல்லைங்க. சோளம் சுருண்டு போச்சும்மா!"

அம்மா திரையைப் பார்த்தாள். "படத்துல உங்க பக்கம் பச்சையா இருக்கே, ஐயா?"

"படம் பச்சையா இருந்து என்னம்மா பண்றது? பயிர் காயுதே!"

பேசி முடித்த அம்மா நெற்றியைத் தேய்த்தாள்.

"அவர் பொய் சொல்றாராம்மா?" என்றாள் வண்டு.

"குரலைக் கேட்டா அப்படித் தெரியலை. படமும் பொய் சொல்லாதே!"

வண்டு திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து பார்த்தாள். அந்த ஊர் இருந்த பச்சைக் கட்டம் அசையாமல் இருந்தது.

"போன வருஷம் அறுவடை முடிஞ்சப்புறம் எடுத்த படம் இருக்காம்மா?"

இருந்தது. சுற்றிலும் ஒரே சிவப்பு. அந்தக் கட்டம் மட்டும் அப்போதும் பச்சை.

"சோளத்தை அறுத்தப்புறமும் பச்சையா இருக்கே? அப்ப இது சோளமே இல்லம்மா!"

அம்மா சட்டென்று விவசாயியை அழைத்தாள். "ஐயா, உங்க வயலை ஒட்டி என்ன இருக்கு?"

"முள்ளுப் புதருங்க! வாய்க்கால் ஓரமா மண்டிக் கெடக்கு. வேர் பாதாளம் வரைக்கும் போய்த் தண்ணி குடிக்கும்."

புதரும் வயலும் கலந்துதான் ஒரே பச்சைக் கட்டமாகத் தெரிந்திருந்தன. அம்மா புதர் இருந்த இடங்களைக் கழித்துவிட்டு, மறுபடி கணக்கிட்டாள். மிச்சமிருந்த வயல்களெல்லாம் சிவப்பாக மாறின. மணி மூன்று ஐம்பது. அந்த ஊரையும் சேர்த்துப் பட்டியல் கிளம்பியது.

பத்து நாள் கழித்து, பள்ளி விட்டு வண்டு அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, விவசாயி மறுபடி அழைத்தார். "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சும்மா! சுருண்ட இலையெல்லாம் விரியுது. கண்டுபிடிச்சவங்ககிட்ட குடுங்க, நன்றி சொல்லணும்."

அம்மா வண்டுவிடம் தொலைபேசியை நீட்டினாள்.

"மாமா, இலை விரியும்போது சத்தம் கேட்குமா?"



"தெரியலையே கண்ணு! இரு, லைன்லயே இரு. வயலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சளக் சளக்கென்று ஈர மண்ணில் அவர் நடக்கும் சத்தம் வண்டுவுக்குக் கேட்டது.