நூற்றைம்பது நோக்கு

ஆடி பிறந்துவிட்டால் திருச்செங்கோட்டு நோக்குப் பட்டறைகளில் கூட்டம் தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தானோட்டிக் காரும் வந்து தன் காண்பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சங்ககிரி சாலையில் ஒரு காலத்தில் லாரிக்கு பாடி கட்டிய கொட்டகைகளில் எல்லாம் இப்போது இந்தத் தொழில்தான். வெல்டிங் பொறி பறந்த இடத்தில் ஏசி அறையும் சுவர் நிறையத் திரையும் வந்துவிட்டன.

தன்ஷிகாவின் டோக்கன் இருபத்தேழு. வயது ஐம்பது. பெயரில் ஒரு 'ஷ' இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தத் தலைமுறைப் பெற்றோரை யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும். அவள் கணவன் கவினேஷ், பட்டறைக்காரன் பூபேஷ்.

"சொல்லுங்க்கா, இந்தத் தடவ என்னென்ன போடலாம்?" என்றான் பூபேஷ்.

கேள்வி சுலபம்தான், பதில்தான் குடும்பத்தையே பிரிக்கும். காரின் மூளை மின்சாரம் தின்கிறது. ஊருக்கு மின்சாரம் போதாமல் போனபோது, ஒரு கார் எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கே அரசு ரேஷன் வைத்துவிட்டது. காருக்கு ஆயிரம் நோக்கு. நடந்து போகிற மனிதர்களைக் காண அதில் பாதி, மற்ற வண்டிகளையும் சாலையையும் காண முந்நூற்றைம்பது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கடைசியில் தேறுகிற நூற்றைம்பதுதான் சொந்தக்காரர் இஷ்டம். வசதி உள்ளவர்கள் மேல்நோக்கு வாங்கி எறும்பைக்கூடப் பார்த்து ஓட்டுவார்கள். தன்ஷிகாவின் கார் மூன்று கை மாறி வந்தது, ரேஷன்தான் அதற்குக் கதி.

அந்த நூற்றைம்பதுக்குள் எதைப் பார்க்க வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். மயிலுக்கு அறுபது, ஆட்டுக்கு நாற்பது, தேங்கிய தண்ணீருக்கு முப்பது, பள்ளத்துக்கு நூற்றிருபது. பட்டியலில் இல்லாத எதுவும் காருக்கு வெறும் 'பொருள்'. பொருளுக்காக அது வேகத்தைக் குறைக்காது. ஒரு சாண் விட்டு ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

"பள்ளம் போட்டுக்குங்க்கா. மாமா முதுகுக்கு நல்லது. பள்ளம் தெரிஞ்சா வண்டி பூவாட்டம் போகும்."

"அது கெடக்கட்டும். குனிஞ்சு நடக்கறவங்களைப் பாக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதா?"

பூபேஷ் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். ஒட்டகம், பட்டம், உருளும் பந்து எல்லாம் தாண்டி, அடியோடு அடியில் அது இருந்தது. "இருக்குதுங்க. நூத்தி முப்பது. யாரும் கேக்கறதில்லீங்களா, அதான் வெல கொறையவே இல்ல."

"போடு."

"அக்கா, ஒரு நிமிசம் யோசிச்சுட்டு..."

"மூணு மாசமா யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கறேன். போடு சாமி." மீதி இருபதுக்கு அவன் கோழியைப் போட்டுவிட்டான்.

கவினேஷ் இருபது வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவன். பூமியைத் துளைத்ததற்குப் பூமி அவன் முதுகில் பழி வாங்கிக்கொண்டது. இப்போது இடுப்போடு மடிந்து, நான்கு கால் வாக்கரைத் தள்ளிக்கொண்டுதான் நடை. கார்களுக்கு மனிதனைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நிமிர்ந்து நடக்கிற ஆசாமிகளைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குனிந்தவனும் வாக்கரும் சேர்ந்தால் அவற்றின் கண்ணுக்கு ஏதோ தள்ளுவண்டி. இதற்கு மனு கொடுத்தால் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும்.

ஒரு கார் மனிதரைப் பார்த்துவிட்டால் முன்பக்க மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டும். சிமிட்டினால் தைரியமாகக் குறுக்கே போகலாம். சித்திரையில் ஒருநாள் கவினேஷ் எதிர்ப்பக்கத்துப் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனபோது எந்த விளக்கும் சிமிட்டவில்லை. வந்த கார் வாக்கரின் ஒரு காலைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அவன் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்கு வந்து, "மனுசங்கதான் கண்டுக்கலைன்னா காரு கூட நம்மளக் கண்டுக்க மாட்டேங்குது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தன்ஷிகாவால் தாங்க முடியவில்லை.

அவள் கூடப் போனால் கார்கள் நிற்கும். அவள்தான் நிமிர்ந்து நடக்கிறாளே. ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை. "கைக்கொழந்தையாட்டம் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுப்பயா?" என்பான். அன்றிலிருந்து கேட்டருகே நாற்காலி போட்டு, நாற்பதடி தள்ளி இருக்கிற பேக்கரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். சிநேகிதர்கள் அங்கிருந்து கையைக் காட்டுவார்கள், இவனும் காட்டுவான். நாளுக்கு நாள் அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

அதற்குத்தான் இந்த நூற்று முப்பது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னாள். கவினேஷ் அவளையே பார்த்தான்.

"ஏம்மா தன்ஷி, நம்ம காரு என்னைய எதுக்குப் பாக்கோணும்? நான் அதுக்குள்ளதான உக்காந்திருப்பேன்?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று மாதம் யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. பூபேஷ் சொல்ல வந்ததும் இதைத்தானோ என்னவோ. தன் புருஷனைக் காப்பாற்ற வேண்டிய கண் தன் காரில் இல்லை, ஊரார் கார்களில் இருக்கிறது. அதைப் போய் எப்படி வாங்குவது?

வாய் விட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி. மறுநாள் காலையிலேயே வீதியில் இறங்கிவிட்டாள். முதல் வீட்டு நிரஞ்சனி டீச்சர் காபி கொடுத்து உட்கார வைத்தார். "போன வருசம் ஒரு மயிலு கண்ணாடியிலயே வந்து மோதிருச்சு. அதுல இருந்து மயிலு இல்லாம வெளிய போகவே பயமா இருக்குது கண்ணு. அதுவும் தண்ணியும் போட்டா மிச்சம் அறுபதுதான் நிக்குது" என்றார். காபி நன்றாகத்தான் இருந்தது.

கடைசி வீட்டுத் தர்ஷன் இன்னும் நேராகப் பேசினான். "மனசு இருக்குதுங்க்கா, நோக்கு இல்லீங்க."

"மனமிருந்தா மார்க்கமுண்டும்பாங்களே தம்பி?"

"மார்க்கம் பூராவும் பள்ளமா இருக்குதே, நான் என்ன பண்றது? நம்ம வீதிக்காரங்க அத்தன பேரும் போட்டாலும், சேலத்துல இருந்து வர்ற வண்டிய என்ன பண்ணுவீங்க? தெனமும் ஆயிரம் வண்டி போகுது."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கெட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு பாட்டம் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். பதினோரு வீட்டில் ஒரு வீட்டிலும் கெட்டவர் இல்லை, அவரவர் நூற்றைம்பதும் தீர்ந்து போயிருந்தது.

சாயங்காலம் பூபேஷுக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னான். குனிந்தவரை எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே உட்காருகிறவன் முதுகாவது தப்பிக்கும். அடுத்த ஆறு மாதமும் பயனில்லாத அந்தக் கண்ணோடு ஓட வேண்டும் என்ற நினைப்பே அவளுக்குக் கசந்தது. கவினேஷிடம் சொன்னபோது, "எடுத்துரு. எதுக்கு வெட்டியா?" என்றான்.

வியாழக்கிழமை தன்ஷிகா காரில் ஏறி உட்கார்ந்து, புறப்படச் சொல்ல வாயெடுத்தபோது கேட்டருகே நாற்காலி காலியாக இருந்தது. வாக்கரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் ரோட்டில் நிற்கிறான். நாற்பதடியில் பத்தடி போயாகிவிட்டது.

"ஏனுங்க!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து ஓடினாள்.

அவன் திரும்பவில்லை; மடிந்த இடுப்போடு சட்டென்று திரும்புவது நடக்கிற காரியமா? சேலம் பக்கமிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் வந்துகொண்டிருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் அது வந்துவிடும் என்று கண்ணாலேயே தெரிந்தது. எதிர்ப்பக்கம் பேக்கரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. கார் ஆடாமல் அசையாமல் வாக்கருக்கு ஆறடி முன்னால் நின்றது.

தன்ஷிகா ஓடிய இடத்திலேயே நின்றாள். அவள் இன்னும் ரோட்டுக்கே வந்திருக்கவில்லை. அப்படியென்றால் கார் அவளைப் பார்த்து நிற்கவில்லை. அதன் முன்னால் இருந்தது கவினேஷ் ஒருவன்தான்.

கண்ணாடி இறங்கியது. உள்ளே அவள் வயதொத்த ஒரு பெண், மடியில் பூக்கூடை. தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல எதிரே பார்த்தாள். எதற்காக வண்டி நின்றது என்று அவளுக்கும் புரியவில்லை போலிருந்தது. பிறகு புரிந்தது. சேலை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன்ஷிகா ஜன்னலருகே போனாள். மூச்சு வாங்கியது. "உங்க வீட்டுல யாருங்க இப்பிடி?"

"எங்கண்ணனுங்க. அவரு போயி மூணு வருசமாச்சு." அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் எடுத்தறலாம்னுதான் பட்டறைக்குப் போறதுங்க. எதை எடுக்கோணும்னு அவங்க கேக்கறப்ப சொல்ல வாய் வர மாட்டேங்குது. இன்னைக்குத்தானுங்க இது மொத மொதல்ல நின்னுருக்குது."

பின்னால் நாலைந்து கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் நிற்கிற காரைப் பார்த்து அவையும் நின்றன, அவ்வளவுதான். கவினேஷ் அவசரப்படவில்லை. வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு அடி, இன்னொரு அடி என்று தன் பாட்டுக்குப் போனான். பேக்கரி வாசலை எட்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினான். "அம்மணி, வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு டீ சாப்புட்டுட்டுப் போங்க!" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவனுடைய பழைய குரலைத் தன்ஷிகா அன்றுதான் கேட்டாள்.

அவளுடைய கார் கதவு திறந்தபடியே வாசலில் காத்திருந்தது. "பட்டறைக்குப் புறப்படலாமா?" என்று கேட்டது. அவள் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். எந்த ஊரில், எந்த ரோட்டோரத்தில், யார் குனிந்து நின்றுகொண்டிருக்கிறார்களோ.

"வேண்டாம்" என்றாள். பள்ளத்தில் விழுந்து எழுந்துதான் போக வேண்டியிருக்கும். போகலாம்.