நானாகவே திறக்கிறேன்

திங்கள்கிழமை காலை எட்டு மணி என்றாலே தில்லைக்கரசிக்குப் பின்கழுத்து கூசும். ஓசூர் மின்கலத் தொழிற்சாலையில் அதற்குப் பெயர் 'தோள்நேரம்'. பணியாளர் அலுவலர் மாசிலாமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னே வந்து நிற்பார். கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது, கருவியைத் தொடக் கூடாது என்பது சட்டம். அவர் இரண்டையும் செய்ததில்லை. மகா யோக்கியர்! அவளேதான் மேசைத் திரையைப் பார்த்து, "நானாகவே திறக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். குரல்பூட்டு விலகி அவளுடைய சொந்தக் கணக்கு விரியும். வெங்காய வடை வாடையடிக்கும் மூச்சு கழுத்தில் பட, அவர் ஒவ்வொரு கடிதமாகப் படிப்பார். கணவன் கொஞ்சி எழுதியதைப் படித்துவிட்டு ஒருமுறை "ம்ம்" என்றார். சீ! அன்று வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் கடிதங்களை அழித்துவிடுவாள்.

திறக்க மறுத்த யாரையும் ஆலை நீக்கியதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது, அவ்வளவுதான்.

போன வாரம் சட்டத்தைத் திருத்தினார்கள். பின்னால் நின்று பார்ப்பதும் இனிக் குற்றம். ஆலையே லட்டு கொடுத்துக் கொண்டாடியது. ஐந்து வருடத்தில் முதல் முறையாக, ஞாயிறன்று அவள் கடிதங்களை அழிக்கவில்லை. அவளுக்கு இப்போது மூன்று மாதம். கர்ப்பிணிகளின் ஒப்பந்தத்தை ஆலை புதுப்பிப்பதில்லை. அவளுடையதோ இந்த மாதம் முடிகிறது. அதனால் கல்லூரியில் படிக்கும் தங்கை இளவேனிலுக்கு மட்டும் எழுதியிருந்தாள்.

இன்று மாசிலாமணி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாழ்த்துகள்மா. மூணு மாசமாமே?"

"என் கணக்கை யார் சார் பார்த்தது?"

"ஐயையோ, அது சட்டவிரோதமாச்சே! உங்க தங்கச்சி காலேஜ்ல அவங்களாவே திறந்து காட்டினாங்க, அங்கேர்ந்து எனக்குச் சொன்னாங்க. சட்டம் அவங்கவங்க எழுதினதைத்தான் காப்பாத்துது. அடுத்தவங்க நமக்கு எழுதினதைத் தாராளமா காட்டலாம்."

தான் எழுதியவற்றை இளவேனில் உடனுக்குடன் அழித்துவிடுவாள். அக்கா கர்ப்பம் என்ற செய்தியை அழிக்க மட்டும் மனம் வந்திருக்காது, பாவிப் பெண்.

மாசிலாமணி லட்டை மென்றபடியே சொன்னார். "அந்தக் காலேஜ் வார்டன் மேல பேர் போடாம ஒரு புகார் வந்திருக்கு. எழுதின பொண்ணு யாருன்னு தெரியணுமாம். தங்கச்சி உங்களுக்கு எழுதினதுல ஏதாவது இருந்தா... கட்டாயமெல்லாம் இல்லைம்மா. உங்க ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயாரா இருக்கு."

இருந்தது. கணக்கைத் திறந்தால் முதலில் தெரிவதே தங்கையின் அந்தக் கடிதம்தான். 'வார்டன் எங்களை அறைக்குக் கூப்பிடுவதையெல்லாம் எழுதிப் போட்டுவிட்டேன் அக்கா. உனக்கு மட்டும்தான் தெரியும்.'

அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பிவிட்டு எழுந்து போகத்தான் நினைத்தாள். அவர் எழுந்து, வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார். எதுவும் கேட்கவில்லை. சுவர்க்கடிகாரத்தில் எட்டு மணி அடித்தது.

"நானாகவே திறக்கிறேன்" என்றது அவள் வாய்.

திரை விரிந்தது. அவளே அதை அவர் பக்கம் திருப்பினாள். மாசிலாமணி குனிந்து படித்தார். "ம்ம்" என்றார்.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மசக்கை என்று நினைத்து, அவர் பரிவோடு தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.