அடைத்த ஜன்னல்

மகள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கொத்தனார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்குப் பிடரி மயிர் ஏன் நிற்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

பதினைந்து வயதுப் பெண். இத்தனை மாதமாக அந்தத் தட்டு கட்டிலுக்கடியில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். ஒரு வாய் தின்றிருப்பாள், மீதி காய்ந்து ஒட்டியிருக்கும், ஏன் என்று கேட்டால் கதவு படாரென்று முகத்தில் மூடும். இப்போது தட்டு பளபளவென்று இருந்தது. கிட்டே போய் முகர்ந்தால் சோப்பு வாசனைக்குக் கீழே வேறொரு வாசனை, மூக்கின் அடியில் குளிர்ச்சியாகத் தங்குகிற வாசனை. ஈரச் சிமெண்டு. நாள் முழுக்க அதிலேயே புழங்குகிற மனிதர். தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று கழற்றி மூலையில் எறிந்தார். வாசனை போகவில்லை.

"பாத்தீங்களா," என்றாள் மனைவி குரலைத் தாழ்த்தி. "ஜன்னலை அடைச்சதுலேருந்து பொண்ணு தங்கமா மாறிட்டா. உங்க பூச்சு வேலை சுவத்துக்கு மட்டும் இல்ல போலிருக்கு."

"ம்."

"நம்ம கண்ணே பட்டுடும். நோண்டிக் கேக்காம சும்மா இருங்க."

சும்மாதான் இருந்தார். அது அவருக்கு வராத வேலை இல்லை.

ஜன்னலை அடைக்கச் சொன்னவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பாதி வேலையில் போய், காலில் ஒட்டிய சுண்ணாம்பை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் நிறையச் சொன்னார். பெண் ராத்திரியில் தூங்குவதில்லை. ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் போதும் என்று சினேகிதியிடம் சொல்லியிருக்கிறாள். "பக்கத்துல உக்காந்து பேச விடுங்க. திட்டாதீங்க. என்ன சொன்னாலும் காது குடுத்துக் கேளுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம், நானும் வரேன்." கொத்தனார் காதில் ஜன்னல் மட்டும்தான் விழுந்தது. மற்றதற்கெல்லாம் அவர் பையில் கருவி இல்லை.

வேலை பார்க்கிற கட்டடத்தில் மிஞ்சிய செங்கல்லையும் சிமெண்டையும் மூன்று மாடி தோளில் சுமந்து ஏற்றினார். மகளையே சாந்துச் சட்டி தூக்கித் தரச் சொன்னார்.

"ஏன்னு கேக்கவே மாட்டியாப்பா?" என்றாள், சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"கலவை காயுது. குடு."

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுவ, சொல்லுவ. முதல்ல சட்டியைக் குடு."

கடைசிக் கல் உட்கார்ந்ததும் அறை இருண்டது. பின்னால் நின்றவளிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. விளக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குப்பா," என்றாள்.

அன்றிலிருந்து அவர் வேலை விட்டு வருகிறபோது கதவருகில் நிற்கிறாள். "இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சுப்பா?" தினமும் அதே கேள்வி, அதே ஏற்றம், அதே இறக்கம். நன்றாக இருந்தது என்றாலும் "சரிப்பா" என்பாள். காலில் ஆணி ஏறிவிட்டது என்றாலும் அதே "சரிப்பா". தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது விரல் பட்டால், நேற்றுப் பூசின சுவரை விடியலில் தொட்டது போலச் சில்லென்று ஏறும். நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிகிற விரல்கள் அவளுக்கு. கசப்பைத் தடவியும் பார்த்தார், கையில் அடித்தும் பார்த்தார், விட்டதில்லை. இப்போது பத்து நகமும் முழுசாக, வெள்ளை வெளேரென்று. நடந்துபோன இடத்தில் மாவு சிந்தினாற்போல் ஒரு தடம் விழும். துணியை எடுத்து வந்து அவளே துடைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் மகளும் அடுப்படியில் இருந்தார்கள். மகள் காய் நறுக்குகிற சத்தம், டக் டக் டக் என்று, மிஷின் ஓடுவது போலத் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. கொத்தனார் அவள் அறைக்குள் போனார். வெளியே சுள்ளென்ற வெயில். உள்ளே விளக்கைப் போட்டும் இருட்டு போகாமல் ஓரமாக ஒதுங்கி நின்றது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, தலையணையில் ஒரு முடி இல்லை, ஆள் படுத்து எழுந்த சூடோ வாசனையோ எதுவுமே அந்த அறையில் இல்லை. பூசின இடம் ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் ஈரம். குத்தவைத்து உட்கார்ந்த ஆள் அளவுக்கு.

பூச்சைக் கண்டால் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது கைப்பழக்கம். பிடித்த பூச்சு டிக் என்னும். விட்ட பூச்சு டொக் என்னும். டிக். டிக். ஈரத்தின் நடுவில், டொக்.

கையை எடுத்தார்.

டொக், என்றது சுவர்.

ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு வெறும் காற்று. கால் வைக்க ஒரு திட்டுக்கூடக் கிடையாது.

"அப்பா."

வாய்க்குள் மண் அடைத்த குரல். ஆனால் அவள் குரல். அந்த எரிச்சல், அந்த முரட்டுத்தனம். ஜன்னலை அடைத்ததிலிருந்து இந்த வீட்டில் கேட்காத குரல்.

"சொல்லட்டுமா? இப்பவாவது கேக்கறியா?"

அடுப்படியில் டக் டக் டக். மனைவி ஏதோ சொல்கிறாள். மகள் சிரிக்கிறாள். அங்கேதான் இருக்கிறாள்.

அப்போ இது?

உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். முதல் அடி தவறியது. இரண்டாவது அடியில் பூச்சு பெயர்ந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த சாந்து உதிர்ந்தது. அந்தச் சந்திலிருந்து விரல் ஒன்று வந்தது. கடித்த நகம். தடவித் தடவி அவர் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

சூடாக இருந்தது.

"தூக்கம் வரலப்பா," என்றது குரல். "விடிஞ்சா பயமா இருக்கு. ஏன்னு தெரியல. என்னை என்னாலேயே தாங்க முடியல. சொன்னா திட்டுவியோன்னு…" மேலே பேச முடியாமல் அழுகை வந்தது. அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, பெரிதாக, சுவரே குலுங்குகிற மாதிரி.

நறுக்குகிற சத்தம் நின்றது.

கொத்தனார் வாசலைப் பார்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"உஷ்," என்றார் சுவரிடம். "சத்தம் போடாத. அம்மாவுக்குக் கேட்டுடும்."

அழுகை நின்றது. விரல் அவர் விரலை விட்டது.

"பூச்சு விட்டிருக்காப்பா?"

வாசலில் மகள். கையில் சாந்துச் சட்டி. கலவை வெண்ணெய் மாதிரிப் பதமாக இருந்தது. அவர் கையாளுக்கே அந்தப் பதம் வராது. வீட்டில் ஒரு பிடி சிமெண்டு மிச்சம் இல்லை.

"அவ அப்படித்தான்," என்றாள் சிரித்தபடி. "கேக்க ஆரம்பிச்சா நீங்க தினமும் கேக்கணும். முடிவே கிடையாது. நான் அப்படி இல்லப்பா. உங்களுக்கு ஒரு தொந்தரவும் தர மாட்டேன்."

பின்னாலேயே மனைவி வந்தாள். "என்ன, அப்பனும் பொண்ணும் ஒண்ணா வேலையா?" என்று ஆசையாக மகள் தோளில் கையை வைத்தாள். கை அமிழ்ந்தது. ஈரப் பூச்சில் அமிழ்வது போல, விரல் கணு வரைக்கும். மனைவி குனிந்து பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"நல்லா இருக்கறதைக் கெடுத்துடாதீங்க," என்றாள்.

சட்டி நீண்டது. கொத்துக்கரண்டி கைக்கு வந்தது. வேண்டாம் என்றார். வாய்க்குள்தான் என்றார். கை முப்பது வருஷமாகச் செய்ததைச் செய்தது.

முதல் வீச்சு சந்தின் மேல் விழுந்தது. விரல் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றது. அதன் மேலேயே பூசினார். மட்டப் பலகையை வைத்துத் தேய்த்தார். வழவழவென்று வந்தது. அவர் கைவேலை எப்போதுமே சுத்தம்.

பிறகு ஈரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. வாய் அளவுக்கு.

"அங்கதான்ப்பா. இன்னும் கொஞ்சம்," என்றாள் சட்டியைப் பிடித்திருந்தவள்.

தேய்த்தார். மூடியது. திறந்தது. மூச்சை இழுத்தது. மறுபடி தேய்த்தார். திறந்தது.

தேய்த்தார்.