நகலில் மூடியிருந்த கண்கள்

விசாவுக்காக எடுத்த தன்னுடைய படம் கணினித் திரையில் இரண்டாக இருந்ததை றுஷ்தி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேமராவிலிருந்து மாற்றும்போது இரண்டு தரம் பதிவாகியிருக்கும் என்று நினைத்தான். ஒன்றை அழித்தான். மற்றதைத் திறப்பதற்குள், அழித்தது அதே இடத்தில் வந்து நின்றது.

மணி இரண்டரை. பதுளை பஜாரின் தகரக் கூரைகளில் காலையிலிருந்து விடாமல் பெய்த மழையின் இரைச்சல் ஸ்டுடியோவின் மாடி அறையை நிறைத்திருந்தது; கீழே பேக்கரியிலிருந்து ஏறிவந்த பாண் வாசனையும் ஈரச் சுவரின் பூஞ்சண வாடையும் சூடேறிய பிரிண்டரின் மை நெடியும் ஒன்றாகக் கலந்து, மூடிய ஜன்னலுக்குள் நகராமல் நின்றன.

"இன்னும் முடியல்லையா மகன்?" முன் அறையிலிருந்து ஸலீம் மாமா கேட்டார். கடை அவருடையது. "தாஸிம் நானா நாலு மணிக்கு வேன எடுத்திருவார். ஒனக்காக நிக்க மாட்டார்."

"படம் ரெண்டு ரெண்டா வருது மாமா."

"நல்லம் தானே. ஒண்டு கட்டாருக்குப் போகட்டும். மத்தது இங்க கடையப் பாக்கட்டும்."

றுஷ்திக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டாரில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தது ஒரேயொரு வேலை. ஏஜண்ட் தாஸிம் இன்றைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோகும் பைலில் படம் இல்லையென்றால், அந்த இடம் பண்டாரவளைக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். மனைவி ஜெனீராவுக்கு எட்டாம் மாதம்.

விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். ஆல்ட் விசை இறுகிக் கிடந்தால், நகர்த்தும் படமெல்லாம் நகலாகும். விசை நன்றாகத்தான் இருந்தது. கணினியை அணைத்துப் போட்டான். இப்போது கோப்பு ஒன்றுதான். ஆனால் திறந்தபோது அதற்குள் இரண்டு அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை விலகாமல் ஒரே முகம். மேல் அடுக்கை மறைத்தான்.

கீழே இருந்தவனின் கண்கள் மூடியிருந்தன.

ஸலீம் மாமா நேற்று ஒரே ஒரு படம்தான் எடுத்தார். றுஷ்தி மூடிய கண்களை உற்றுப் பார்த்தான். இமைத்த கண் போல இல்லை அது. யாரோ விரல்களால் தடவி மூடிவிட்டது போல, இமைகள் அடியில் படிந்திருந்தன. அந்த அடுக்கை அழித்தான். மிஞ்சிய ஒன்று திரையில் ஒருமுறை துடித்தது. அதன் கண்களும் மூடின.

"மாமா, வேற படம் எடுப்பம்."

விளக்குகளைப் போட்டு, நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து மாமா எடுத்தார். றுஷ்தி கண்களை விரித்தே வைத்திருந்தான், நீர் கோத்துக்கொள்ளும்வரை. கேமராவின் சின்னத் திரையைப் பார்த்த மாமா உச்சுக்கொட்டினார்.

"கண்ண மூடாதடா."

"மூடல்ல மாமா."

"அப்ப நான் பொய்யா செல்றன்?"

ஐந்து படங்கள். ஐந்திலும் மூடிய கண்கள். மாமா பற்றரியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, றுஷ்தியின் முகத்தைப் பார்க்காமல் முன் அறைக்குப் போனார்.

மூன்று பத்து. கதிரையில் சாய்ந்தபோது பார்வை சாம்பல் நிறமாக மங்கியது. கண்களுக்கு மிக அருகில், தொட்டுவிடும் தூரத்தில், அச்செழுத்துகள் வரிவரியாக ஆடின. டீசல் வாசனை அடித்தது. தலையை உதறினான், திரை தெளிந்தது. காலையிலிருந்து ஒரே வேலையில் இருந்த களைப்பு என்று நினைத்தான். காலையில் செய்த வேலை என்னவென்று நினைத்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராக்கம்மாவின் வேலை. புருஷன் இறந்து பதினைந்து நாள். உயிரோடிருந்த காலத்தில் அந்த மனிதர் ஒரு படமும் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்ததெல்லாம் பெட்டியில் கிடத்தி, சொந்தபந்தம் சுற்றி நின்று எடுத்தது. அப்படி வரும் படங்களுக்குத் தாடைக் கட்டை நீக்குவதும், மூக்குப் பஞ்சை எடுப்பதும், கண்ணைத் திறப்பதும் றுஷ்திக்குப் பழகிய வேலை. கண்களுக்கென்று தனியாக ஒரு தொகுப்பே வைத்திருந்தான், யார் யாருடைய கண்களோ.

"நாளைக்குக் கருமாதிங்க தம்பி," என்றாள் அவள். "செவுத்துல மாட்டணும். கண்ணு தொறந்து என்னப் பாக்குற மாதிரி செஞ்சி குடுங்க. உசுரோட இருக்கயில ஒரு நாளு என்ன நேரா பாத்ததில்ல அந்த மனுசன்."

தொகுப்பில் எந்தக் கண்ணும் அந்த வெளிச்சத்துக்குப் பொருந்தவில்லை. பக்கத்தில் திறந்திருந்த தன் படத்திலிருந்தே எடுத்துவிட்டான். அவசரம். நகலெடுக்கும் விசைக்கு அடுத்த விசையை விரல் அமுக்கிவிட்டது. நகலெடுக்கவில்லை, வெட்டியிருந்தான். அது தெரிந்தும், ஒட்டியது நன்றாகப் பொருந்தியதால், தன் படத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு, அப்படியே அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டான். பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். அவள் இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.

திருப்பி ஒட்டினால் சரியாகிவிடும். அவள் கோப்பைத் தேடித் திறந்தான்.

திரையில் இறந்தவர். தாடைக் கட்டு இல்லை. பஞ்சு இல்லை. கண்கள் மட்டும், பெட்டிக்குள் இருந்ததுபோலவே மூடியிருந்தன.

கணினியில் அந்தக் கண்கள் எங்குமே இல்லை. அழித்தவற்றில் தேடினான். தொகுப்பில் தேடினான். தன் கல்யாணப் படத்தைத் திறந்தான். ஜெனீராவின் பக்கத்தில் மூடிய கண்களோடு அவன். பள்ளிக்கூடப் படத்திலும் அப்படியே. அவை இருந்தது ஓர் இடத்தில்தான். கண்ணாடிக்குள், நமுனுகுலவில்.

அவளுடைய லய வீட்டில் போன் கிடையாது. மூன்றே முக்கால். வாடகை வேன் பிடித்துப் போனால், ஒரு மணித்தியாலம். எழுந்தான்.

மறுபடி சாம்பல் நிறம். இந்த முறை விலகவில்லை.

எழுத்துகள். மிக அருகில்.

காகிதம் கிழியும் சத்தம். காதுக்குள்ளேயே.

வெளிச்சம்.

கைகளை நீட்டினான். விரல்களில் ஸ்டுடியோவின் மேசை விளிம்பு தட்டுப்பட்டது, ஈரமாக, குளிர்ந்து. கண்ணுக்கு மேசை தெரியவில்லை. புகையேறிய சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. கொடியில் காயும் சேலை. தூக்கப்பட்டான். முதுகில் ஆணி உரசியது. அறை சாய்ந்து, நேராகி, நின்றது.

எங்கிருந்தோ ஸலீம் மாமாவின் குரல் வந்தது.

"மகன், கண்ணத் தொற. தாஸிம் நானா வந்திட்டார். டேய், கண்ணத் தொறடா."

திறந்தேதான் இருந்தன. மூடத்தான் முடியவில்லை.

புருவங்களுக்கு நடுவே ஈரச் சந்தனம் அழுந்தியது. விரல் விலகியது. அதன் பின்னால் இராக்கம்மாவின் முகம், கண்ணாடியில் மூச்சு படியும் அருகில். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பலகையை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல், அவன் கண்களையே பார்க்கத் தொடங்கினாள்.