பத்து வினாடி

மதுரைச் சந்திப்பின் மூன்றாம் நடைமேடையில் உலகம்மையின் சக்கர நாற்காலியைச் சுற்றி வழக்கம்போல் இரண்டடி இடம் காலியாக இருந்தது. தூத்துக்குடி வண்டிக்குக் கூட்டம் நெரிந்தது. ஆனாலும் அந்த இரண்டடிக்குள் யாரும் வரவில்லை. பெட்டியோடு ஓடிவந்த ஒருவர் தவறி உள்ளே கால் வைத்துவிட்டு, சூடு பட்டவர்போல் விலகினார்.

"ஸாரிம்மா, மேல படலியே?"

"படல. போங்க."

வண்டி நின்றதும் பெட்டியின் அடியிலிருந்து சாய்தளம் நீண்டு வந்தது. நாற்காலி தானாகவே ஏறி, தன் இடத்துக்குப் போய்ப் பூட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இதே நிலையத்தில் இரண்டு பேர் அவளை மூட்டைபோலத் தூக்கி உள்ளே வைப்பார்கள். தூக்கலாமா என்று கேட்க மாட்டார்கள். சிலருடைய கைகள் தேவையில்லாத இடங்களில் பட்டன. அந்த அருவருப்பு தாங்காமல்தான் அவளும் ஜெசிந்தாவும் பாளையங்கோட்டையில் படிக்கும்போது "எங்களைத் தூக்காதே, வழியை அமை" என்று அட்டை எழுதி ஊர்வலம் போனார்கள். சட்டம் வந்தது. சொன்னபடி வழியும் வந்தது. படிக்கட்டு இருந்த இடமெல்லாம் சாய்தளம், மின்தூக்கி, பேசும் கதவு. முதல் ஐந்து வருடம் அவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

சட்டத்தின் இரண்டாம் பகுதி அதற்குப் பிறகு வந்தது.

சாத்தூர் தாண்டி ஒரு வளைவில் வண்டி குலுங்கியது. பூட்டு விட்டுப்போய் நாற்காலி சாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான். பிடித்தவன் சத்தமாக எண்ணத் தொடங்கினான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவள் இருக்கையின் கம்பியைத் தேடித் துழாவினாள். கை சரியாக எட்டவில்லை. ஏழு என்றதும் அவன் கையை எடுத்துவிட்டான். அவள் நெற்றி சன்னலோரத்தில் இடித்தது. பிறகு நாற்காலியே தன்னை நிமிர்த்திக்கொண்டது.

"வலிக்குதா மேடம்? ஏழுலயே விட்டுட்டேன்." அவன் முகம் வெளுத்திருந்தது.

"நல்லதுதான் செஞ்சீங்க" என்று சொல்லி மணிக்கட்டைப் பார்த்தாள். நாற்காலிக்காரர் எல்லோருக்கும் சட்டம் மாட்டிய காப்பில் எண் மாறவில்லை. இந்த வருடத்துக்குப் பத்து என்றே இருந்தது. பத்து வினாடி இன்னொருவர் கை பட்டிருந்தால் அது ஒரு துணைத்தொடுகை. விட்டுவிட்டு உடனே மறுபடி தொட்டாலும் காப்பு கூட்டிக்கொள்ளும். வருடத்துக்குப் பதினொன்று வரை அனுமதி. பன்னிரண்டு ஆனவர் தன்னியக்கத் தகுதி இழந்தவர். அவரை அரவணைப்பு வளாகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வளாகம் எங்கே இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. போனவர்களின் தொலைபேசி முதல் மாதம் அடிக்கும். பிறகு அடிக்காது.

இப்போது ஆகஸ்ட்தான் ஆகியிருந்தது. ஜெசிந்தாவுக்கு ஜூலையிலேயே பதினொன்று ஆகிவிட்டதை உலகம்மை அறிவாள். ஒரு வாரமாக அவளிடமிருந்து குரலே இல்லை. "நல்லாருக்கேன், வேலை இருக்கு" என்று எழுத்தில் மட்டும் பதில் வந்தது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தவளுக்கு அந்த மூன்று சொல் போதவில்லை. நேற்று சொல்லாமலே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் வெயில் காய்ந்தது. நிலையத்திலிருந்து நாற்காலி அவளைக் கடற்கரை ஓரத்துத் தெருவுக்குக் கொண்டுசேர்த்தது. ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மீன் வலை கம்பெனியில் வேலை பார்ப்பவள். உலகம்மையைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வந்துட்டீங்களாக்கா. நான் யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

"என்ன ஆச்சு?"

"உள்ள போய்ப் பாருங்க."

ஜெசிந்தா அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். தலைக்குக் கீழே ஒரு தலையணை. கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், ஒரு தட்டில் காய்ந்துபோன சோறு. வலது தொடை கோணலாகத் திரும்பி வீங்கியிருந்தது. அறையில் சிறுநீர் வாடை. படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் தூக்குப்பொறி பழுதாகி மூலையில் நின்றது. புகார் கொடுத்து ஒன்பது நாள் ஆகியும் ஆள் வரவில்லை. நாற்காலியிலிருந்து தானாக இறங்கப் பார்த்து விழுந்திருக்கிறாள்.

"ஏட்டி, நீ எதுக்கு வந்த?" குரல் உலர்ந்திருந்தது. ஆனாலும் அவள் சிரித்தாள்.

"எத்தன நாளாச்சு?"

"மூணு. நாலாகுதோ என்னமோ. கிட்ட வராத. நாறுது."

உலகம்மை நாற்காலியை அவள் தலைமாட்டுக்குக் கொண்டுபோனாள். குனிந்து நெற்றியில் புறங்கையை வைத்து, மூன்று எண்ணுவதற்குள் எடுத்தாள். நெருப்பாகச் சுட்டது.

"எலும்பு முறிஞ்சிருக்கு ஜெசி. காய்ச்சல் வேற. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கி வச்சாலே பன்னெண்டு. அங்கேருந்து வளாகம். எனக்குத் தெரியாதா? நான் இங்கயே கெடந்து ஆத்திக்கிடுதேன். பொறி சரிபண்ண நாளைக்கு வருவாங்க."

"நாளைக்கு வருவாங்களா?"

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியவள் திறக்கவில்லை. உலகம்மை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்குத்தான் இமை அசைந்தது. திறந்த கண் அவளை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. "அம்மா வந்தாச்சா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. அவள் அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

வாசல்படியில் நின்ற மரியபுஷ்பம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, நான் தூக்கிருதேன். நானா முடிவெடுக்க எனக்குத் தைரியம் வரல. மூணு நாளா வாசல்ல நின்னு நின்னு பாக்கேன். காலம்பூரா என் கையாலதான் போச்சுன்னு இருக்குமேன்னு பயம்."

உலகம்மை தன் காப்பைப் பார்த்தாள். இருவருக்கும் காப்பு இருந்தால் தொடுகை இரண்டிலும் ஏறும். அவளுக்குப் பதினொன்றாகும். வருடம் முடிய நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு குலுக்கல், ஒரு பழுதான பூட்டு, பத்து வரை எண்ணத் தெரியாத ஒரு நல்ல மனிதர் போதும்.

"பன்னெண்டு ஆனா வண்டி வந்துரும், வைத்தியமாவது நடக்கும். உன் கையால வேண்டாம். நான் செய்றேன்" என்றாள்.

நாற்காலியை முடிந்த மட்டும் தாழ்த்தி, பக்கவாட்டில் சரிந்து, ஜெசிந்தாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அதில் ரேகையெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. மரியபுஷ்பம் வாய்விட்டு எண்ணினாள். ஆறில் ஜெசிந்தாவுக்கு நினைவு தெளிந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்து கையை இழுத்தாள். இழுக்கும் அளவுக்கு அவளிடம் பலம் இல்லை.

"விடுட்டி. சொல்றேன்ல, விடு. உலகு, விட்டுரு."

உலகம்மை விடவில்லை.

பத்தில் இரண்டு காப்புகளும் அதிர்ந்தன. ஜெசிந்தாவின் காப்பு பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. கனிவான ஒரு பெண் குரல் அதிலிருந்து பேசியது. "இனி நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. இன்னும் நாற்பது நிமிடத்தில் வாகனம் வரும்."

ஜெசிந்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு மரியபுஷ்பம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இனிமே... தொடலாம்லா?"

அந்த யோசனை உலகம்மைக்கு வந்திருக்கவில்லை. சாம்பல் காப்பு எதையும் எண்ணுவதில்லை.

"தொடலாம்" என்றாள்.

மரியபுஷ்பம் வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் வீடு நிறைந்துவிட்டது. முறிந்த காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, நான்கு பெண்கள் ஜெசிந்தாவைப் பூப்போலக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஒருத்தி வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்தாள். ஒருத்தி சிக்குப் பிடித்த முடியைப் பிரித்து எண்ணெய் தேய்த்துச் சீவினாள். எதிர்வீட்டுப் பெரியவர் வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். எட்டு வருடமாக ஒரே தெருவில் இருந்தவர்கள், அவளுக்குப் பாலை ஊட்டினார்கள், கன்னத்தைத் தடவினார்கள், முத்தம் கொடுத்தார்கள். யாரும் எண்ணவில்லை. ஜெசிந்தா முதலில் உடம்பை விறைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒருத்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் திரும்பி உலகம்மையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று உலகம்மையால் சொல்ல முடியவில்லை.

வெள்ளை வாகனம் சொன்ன நேரத்துக்கு வந்தது. சீருடைக்காரர்கள் மரியாதையாகப் பேசினார்கள், மெதுவாகத் தூக்கினார்கள். உறவுக்காரர் யாராவது கூட வரலாமா என்று கேட்டதற்கு, மன்னிக்கவேண்டும் என்று கைகூப்பினார்கள். கதவு மூடும்வரை உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்டது. யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. வாகனம் திரும்பியபோது தெருவே அதன் பின்னால் நாலடி நடந்து நின்றது.

உலகம்மைக்குத் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. மரியபுஷ்பம் அழுதுகொண்டே அவளை நோக்கி ஓடிவந்தாள். கட்டிக்கொள்ள இரண்டு கையையும் விரித்தாள். அவள் பார்வை உலகம்மையின் மணிக்கட்டில் பச்சையாக மின்னிய பதினொன்றில் விழுந்தது.

விரித்த கைகளை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியபுஷ்பம் இரண்டடி பின்னால் போய் நின்றாள்.